தங்கவயல் சாரும் ஈயக்கட்டிகளும்

ஜெபசீலனுக்கு மனிதர்களைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வரும் என்று சொன்னதும், ஏதோ பிறவிச் சிடுமூஞ்சி போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் எல்லாரையும்போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்தான். ஒரே கேள்வியை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவரை அப்படி ஆக்கி வைத்தது தாம்பரத்து ஜனங்கள்.

"தங்கம் ஏதாச்சும் கொண்டாந்தீங்களா சார்?"

ரயில்வே கேட்டில் நிற்கிறவன் கேட்பான், பால்காரன் கேட்பான், வேதக்கோயிலில் பாட்டுப் புஸ்தகத்தைப் பக்கம் புரட்டிக்கொண்டே பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு இளிப்பு. அந்த இளிப்பைப் பார்த்தால் அவருக்குக் காறித் துப்பவேண்டும்போல இருக்கும்.

கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அதுவும் தங்கம் வெட்டுகிற வேலை இல்லை. அறுபதுகளில் அந்தச் சுரங்கத்தின் அடியில், பூமிக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, விஞ்ஞானிகள் ஒரு பெரிய கருவியைக் கட்டி வைத்திருந்தார்கள். நியூட்ரினோவைப் பிடிப்பதற்காக. வானத்து உச்சியில் காற்றில் பிறந்து, மலை, கடல், பூமி எதையும் மதிக்காமல் துளைத்துக்கொண்டு போகிற துகள் அது. மற்ற துகள்களெல்லாம் மண்ணிலும் பாறையிலும் மடிந்துபோகும். அத்தனை ஆழத்துக்கு இறங்கிப் போனால்தான் இது எப்போதாவது ஒன்று கண்ணில் படும். அந்தக் கருவிக்கு ஜெபசீலன் உதவியாளர். காலையில் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்குவார். சூடு என்றால் அப்படியொரு சூடு, சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் தேறும். மேலே ஏறி வந்ததும் காவலாளி ஒருவன் அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மீந்துபோன தயிர்சாதத்துக்குள் விரலை விட்டுத் துழாவுவான். தங்கம் தேடுகிறானாம். வீட்டுக்குப் போனதும் அந்த டப்பாவை அவர் மூன்று தடவை கழுவுவார்.

அங்கே நடந்த ஆராய்ச்சியில் கட்டுரைகள் வெளிவந்தன. கட்டுரையின் தலையில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. உதவியாளர்களின் பெயர்களை யார் போடுகிறார்கள்? ஜெபசீலன் ஒவ்வொரு தடவையும் கட்டுரையை வாங்கி, பெயர் வரிசையை ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அறுபத்தாறில் கல்யாணம். பெண் ஞானசௌந்தரி, தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அவளுடைய அப்பா வேதசிரோமணி வாய் கூசாமல் சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், "மாப்ள கோல்டு ஃபீல்ட்ஸ்ல இருக்காரு" என்று. கல்யாணத்தன்று ஜெபசீலன் கட்டிய தாலியைப் பார்க்கப் பெண்கள் கூட்டம் கழுத்தை நீட்டியது. பாதிரி ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருத்தி, "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டாள். ஞானசௌந்தரியின் காது மடல் சிவந்துபோனதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அவளுக்கு ஒரு அண்ணன், சுவிசேஷமுத்து. ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சபைக் கமிட்டி மெம்பர். ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுகிற ஜாதி. யார் வீட்டில் என்ன வந்து இறங்குகிறது என்பதெல்லாம் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். "மாப்ளே, நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்று தோளில் கை போடுவான். அந்தக் கை எப்போதும் ஈரமாக இருக்கும். சே!

எழுபதில் ஜெபசீலன் தங்கவயலை விட்டுத் தாம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து சேர்ந்தார். முதல் வாரத்திலேயே பையன்கள் 'கோல்டு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு வீடு. அந்த வீட்டை அவர் பிடித்ததற்குக் காரணம் காற்று இல்லை, வாடகை இல்லை. ஏரிக்கு மேலே தடையில்லாமல் அடிவானம் தெரிந்தது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். நியூட்ரினோக்கள் வருகிற வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறிவிடலாம் என்று அப்போதே சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாறித் தொலைந்தது எவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால், முதலில் கிளம்பியது எவ்வளவு என்று தெரியவேண்டாமா? நியூட்ரினோவை எண்ணுவது லேசில் ஆகாது. ஆனால் காற்றில் அதோடு கூடவே பிறக்கிற மியூவான் என்ற துகள் தரைவரை வந்து சேரும். உடன்பிறப்பை எண்ணினால் இதன் கணக்கும் பிடிபடும். அடிவானத்திலிருந்து சாய்வாக வருகிற மியூவான்களை எண்ணுவது என்று ஜெபசீலன் முடிவு பண்ணினார். கல்லூரியில் இடம் கேட்டார்; சைக்கிள் ஸ்டாண்டுக்கே இடம் போதவில்லை என்றார்கள். சரி, போங்கள் என்று கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார். எண்ணும் குழாய்களுக்கும் கரண்டு இழுப்பதற்கும் ஞானசௌந்தரியின் கை வளையல்கள் போயின. அவளே கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். எப்பேர்ப்பட்ட மனைவி என்று ஜெபசீலன் நெகிழ்ந்துபோனார். இந்த ஊரில் குமட்டல் தராத ஒரே ஜீவன் அவள்தான் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

கருவிக்கு ஈயம் வேண்டும். மியூவான் ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வரும். மற்ற சில்லறைத் துகள்கள் அதிலேயே நின்றுவிடும். தங்கவயலில் பழகிய சுந்தரராமன் என்ற விஞ்ஞானி, பிரித்துப் போட்ட ஒரு பழைய கருவியின் ஈயக்கட்டிகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் அடைத்து ரயிலில் அனுப்பி வைத்தார். தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிய கூலி குப்பன் ஒரு பெட்டியைத் தூக்கப் பார்த்து அப்படியே குந்திவிட்டான்.

"இன்னா சார் இது! இத்துனூண்டு பொட்டி, இந்தக் கனம் கனக்குது? இன்னா கீது உள்ள?"

"ஈயம்பா."

"எங்கேந்து வருது?"

"கோலார்."

குப்பன் பெட்டியை ஒரு பார்வை, சாரை ஒரு பார்வை, அப்புறம் அதே இளிப்பு. மாப்பிள்ளைக்குக் கைகொடுக்க வந்திருந்த சுவிசேஷமுத்துவின் முகத்தில் எண்ணெய் வழிந்தது. செம்பாக்கம் வரைக்கும் மாட்டுவண்டிக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தான் அந்த மனுஷன்.

அப்புறம் கேட்கவேண்டுமா? தங்கக்கட்டிக்கு ஈயம் பூசிக் கொண்டுவந்துவிட்டார் என்று ஊர் பேசியது. கொட்டகையைச் சுற்றி மாடு மேய்க்க வருகிறவர்கள் திடீரென்று அதிகமானார்கள். ஜெபசீலன் கட்டிகளை மரச்சட்டத்துக்குள் இடுக்கில்லாமல் அடுக்கி, நடுவில் குழாய்களை வைத்து ஏரிப் பக்கம் சாய்த்து நிறுத்தினார். கதவுக்கு ஒரு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று ஞானசௌந்தரியின் சாவிக்கொத்தில். துகள் ஒன்று வந்தால் எண்காட்டி 'டக்' என்று ஒரு எண் தள்ளும். அந்த 'டக்' ஒன்றுதான் அவரிடம் தங்கம் கேட்காத சத்தம்.

இரண்டு மூன்று வருஷம் போனதும் ஒரு அதிசயம் தெரிந்தது. ஒவ்வொரு கோடையிலும், மே மாதத்தில், எண்ணிக்கை ஏறியது. கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே ஏறியது. ஜூனில் மழைக்கு முன்னால் அடுக்கைத் துடைத்து இறுக்கி வைப்பார். எண்ணிக்கை பழையபடி இறங்கிவிடும். வெயிலில் மரச்சட்டம் நெகிழ்ந்து கட்டிகள் லேசாக விலகியிருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. ஆனால் அந்த இடுக்கு இத்தனை ஏற்றத்துக்குக் காணாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெயிலில் காற்றுமண்டலம் விரிகிறது, அதனால் மேலே துகள்கள் பிறப்பதே மாறுகிறது என்று ஒரு காரணம் கட்டினார். ஆசை வந்துவிட்டால் படித்த படிப்பு எங்கே நிற்கிறது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது.

எழுபத்து நாலில் சுந்தரராமன் மெட்ராஸ் வந்தபோது செம்பாக்கத்துக்கே வந்து கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார். "இவ்வளவு பெரிய கோடை ஏற்றம் யாரும் பார்த்ததில்லை, ஜெபசீலன். நியூட்ரினோ கணக்கையே இது அசைக்கும். டிசம்பர் வரைக்கும் எதையும் தொடாம ஓட்டுங்க. ஜனவரியில நான் வெளிநாடு கிளம்பறேன், அதுக்குள்ள கட்டுரை போயாகணும். இந்தத் தடவை உங்க பேரு உண்டு. முதல் பேரே உங்களது" என்றார்.

ஜெபசீலன் அன்றைக்கு ஏரிக்கரையில் தனியாக நடந்தார். தன் பெயரை அச்சு எழுத்தில் மனசுக்குள் எழுதிப் பார்த்தார். நாற்பது வயசு மனுஷன், வெட்கமாகக்கூட இருந்தது. இனிமேல் இந்த ஊர் என்ன கேட்டால் என்ன, டிசம்பர் வரைக்கும் எவனும் அந்த அடுக்கைத் தொடாமல் இருந்தால் போதும்.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிற நாள். ஜெபசீலன் கொல்லையில் காய்த்த இரண்டு பப்பாளியோடு போனார். ஏலம் போட்டவர் அவற்றைத் தூக்கிப் பிடித்து, "கோல்டு சார் வீட்டுப் பப்பாளி! உள்ள விதைக்குப் பதிலா என்ன இருக்குமோ, தைரியமா கேளுங்க!" என்றார். சபையே கொல்லென்று சிரித்தது. ஜெபசீலனுக்கு அந்தப் பப்பாளியை அந்த ஆளின் முகத்திலேயே அப்பலாமா என்று இருந்தது. ஞானசௌந்தரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏலம் என்றால் முதல் ஆளாக முன்னால் நிற்கிற சுவிசேஷமுத்து அன்று காய்ச்சல் என்று வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடையவில்லை, திறந்தபடி கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. மரச்சட்டம் ஒரு பக்கம், குழாய்கள் ஒரு பக்கம், இரண்டு குழாய்கள் சுக்குநூறு. ஈயக்கட்டி ஒன்றுகூட இல்லை. வெறும் தரையில் மாட்டுவண்டியின் தடம். ஜெபசீலன் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பூட்ட மறந்துபோனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஞானசௌந்தரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திருடன் யார் என்று தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வாரமே திருடன் வீடு தேடி வந்து சத்தம் போட்டான்.

"மாப்ளே! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" சுவிசேஷமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "ஈயமாம் ஈயம்! நெசமாவே ஈயத்தை வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா எங்களை ஏமாத்துன?"

"நான் ஈயம்னுதானே மச்சான் சொன்னேன்?"

"சொன்ன! சொன்ன விதம் அப்படியா இருந்துது? பூட்டு எதுக்கு? ஈயத்துக்கு எவனாச்சும் பூட்டுப் போடுவானா? பரங்கிமலை நகை ஆசாரி வெட்டிப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் மானமே போச்சு!"

திருடினவன் பறிகொடுத்தவனைப் பார்த்து ஏமாற்றுக்காரன் என்கிறான். அதுவும் கண்ணில் தண்ணீரோடு. ஜெபசீலனுக்குக் கோபம்கூட வரவில்லை. சாக்கடையில் கால் வைத்த மாதிரி உடம்பு கூசியது. "கட்டியெல்லாம் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

"அந்தக் கர்மத்தை எவன் சுமப்பான்? கோவளத்துல வலைக்காரங்களுக்குக் கொடுத்துட்டேன். வலைக்குக் குண்டு பண்ணிக்குவாங்க."

மறுநாள் காலை பஸ் பிடித்து ஜெபசீலன் கோவளம் போனார். நவம்பர் பிறக்கவில்லை, கட்டிகள் கிடைத்தால் திரும்ப அடுக்கி ஓட்டலாம், விட்டுப்போன நாட்களைச் சுந்தரராமனிடம் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டார். கரையில் மீன் ஏலம் முடிந்து செதிலும் குடலுமாகக் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார். சவுக்குக் கட்டை அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து அப்பாதுரை என்ற வலைக்காரன் ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் மனைவி செல்வமேரி, ஆறிய குண்டுகளை மணலிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், ஈயமா தேடிகினு வந்த?" என்றாள் அவள். "ஒரு ஆளு கொண்டாந்து குட்த்தான். மூஞ்சியப் பாக்கணுமே, எழவு வூட்லேந்து வந்தவன் மாரி. உன்துதா சார் அது?"

"என்னுதுதாம்மா."

"ஐயே! பாதிய உருக்கிட்டமே. மீதி தோ கீது, எட்த்துக்கோ. திருட்டு ஜாமான் எங்களுக்கு வோணாம்பா."

சுந்தரராமனை விட்டால், அத்தனை நாளில் தங்கம் என்ற பேச்சை எடுக்காமல் அவரோடு பேசிய முதல் வெளியாள் அவள்தான். ஜெபசீலன் மணலில் உட்கார்ந்து மீந்திருந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சிலவற்றில் ஆசாரி போட்ட ஆழமான வெட்டு, வெள்ளிபோல மின்னியது. புதிதாக வெட்டின ஈயம் அப்படித்தான் மின்னும். நாளாக நாளாக மங்கிச் சாம்பல் பூத்துவிடும். அது தெரிந்தவர் என்பதால்தான் மற்ற கீறல்கள் அவர் கண்ணில் பட்டன.

ஒவ்வொரு கட்டியின் அடிப்பக்கத்திலும், ஒரு மூலையில், சின்னதாக ஒரு கீறல். கொண்டை ஊசியால் சுரண்டியது போன்ற கீறல். ஆசாரி வேலை இல்லை. சில மங்கியிருந்தன, சில இன்னும் மங்கியிருந்தன, சில கருத்தே போயிருந்தன. ஒரே நாளில் போட்டவை இல்லை. வருஷ வருஷமாகப் போட்டவை. அடுக்கின் நடுவில் குழாயை ஒட்டி வைத்த கட்டிகளிலும் இருந்தன. மேலே உள்ளவற்றை எடுத்து வைக்காமல் அவற்றைத் தொடவே முடியாது.

 உடையாத பூட்டு. இரண்டாவது சாவி. பள்ளிக்கூடத்துக்கு மே மாதம் லீவு; கல்லூரியில் அவருக்கு அப்போதுதான் பரீட்சை வேலை. ஈயத்தை எடுத்து வைத்த நேரத்திலும், திரும்ப வைத்தபோது விழுந்த இடுக்கிலும் சில்லறைத் துகள்கள் உள்ளே வரும், எண்ணிக்கை ஏறத்தான் ஏறும். காற்றுமண்டலம் விரிந்ததாம்! கோடை ஏற்றமாம்! ஜெபசீலன் கடலைப் பார்த்துத் திரும்பி வாந்தி எடுத்தார். மீன் நாற்றம் சாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று செல்வமேரி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கட்டிகளை அவளிடமே விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

ஞானசௌந்தரி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சாவியை உன் அண்ணனுக்கு நீதான் கொடுத்தியா?"

"ஆமாங்க." அவள் பேனாவை மூடினாள். "பாத்துத் தொலையட்டும்னு கொடுத்தேன். வண்டி கட்டிட்டு வருவார்னு நினைக்கல."

"நீயும் பாத்திருக்க."

"மே லீவுல. நீங்க இல்லாதப்போ. தினம் ரெண்டு மூணு எடுப்பேன், திரும்ப அதே மாதிரி வைப்பேன். கடைசிக் கட்டியை இந்த மேயிலதான் பாத்து முடிச்சேன்."

"நான் ஈயம்னு சொன்னேனே, ஞானம். உங்கிட்ட நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

"சொல்லலைங்க. அதான்." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சிட்டிருந்த வரைக்கும் உங்க மேல எனக்கு மதிப்பு இருந்துது. கெட்டிக்காரர், யார்கிட்டயும் மூச்சு விடாம நமக்குன்னு சேத்து வச்சிருக்கார், ஒருநாள் என் கையில திரும்ப வளையல் போடுவார்னு. அதனாலதான் இந்த ஊர் சிரிச்சதெல்லாம் பொறுத்துக்க முடிஞ்சுது. கடைசிக் கட்டியைச் சுரண்டின அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நீங்க நெசமாவே ஒண்ணுமில்லாம வந்திருக்கீங்கன்னு."

ஜெபசீலன் அவளைப் பார்த்தார். ரயில்வே கேட்டிலும் கோயில் பெஞ்சிலும் இளித்த முகங்கள் எதுவும் அவரை இப்படி அடித்ததில்லை. அவை கேட்டுவிட்டாவது போயின. இவள் கேட்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கட்டிகளை எடுத்து வைத்தது தனக்கும் அவளுக்கும்தானே தெரியும்? மே வரைக்கும் உள்ளதை அப்படியே கொடுத்தால் கட்டுரை வரும், பெயர் வரும், யாருக்குத் தெரியப்போகிறது? யோசனை வந்த அடுத்த நொடி தன் முகத்திலும் அந்த இளிப்பு வந்திருப்பதை அவர் உணர்ந்தார். தூ! அன்றுவரை ஊர்மேல் வந்த அருவருப்பெல்லாம் சேர்ந்து ஒன்றாகத் தன் மேலேயே வந்தது. காலையில் முதல் வேலையாகச் சுந்தரராமனுக்குத் தந்தி கொடுத்தார்: கோடை ஏற்றம் பொய், அடுக்கு கலைந்திருந்தது, என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு இருவரும் கோயிலுக்குப் போனார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பழைய பெஞ்சுக்காரர் வழிமறித்தார். விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. இருந்தாலும் அவருக்கு ஒரு நப்பாசை.

"ஏன் சார், நெசமாவே அதுல ஒரு குந்துமணிகூட இல்லியா?"

ஜெபசீலன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஞானசௌந்தரி சொன்னாள்.

"இல்லீங்க. ஒண்ணு விடாம நானே சுரண்டிப் பாத்துட்டேன்."